ஏழுக்கு நாலு

திருப்பாலைக்குடிக் கரையில் வத்தை ஒதுங்கியதும் நண்டு வாங்க வருகிற கம்பெனிக்காரர் முதலில் கூடையைக் கவிழ்ப்பார். கால் ஒடிந்தது தனி, சின்னது தனி, முட்டை வைத்தது தனி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தராசில் போடுவார். விலையில் அடிப்பார், எடையில் அடிப்பார். ஆனால் பார்க்காமல் மட்டும் வாங்க மாட்டார்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி புதுடெல்லியில் 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டவர்களுக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை. ஒரு பக்கம் லால் பகதூர் சாஸ்திரி, மறுபக்கம் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. இந்தியா ஏழு பேரை எடுத்துக்கொண்டால் இலங்கை நாலு பேருக்குக் குடியுரிமை தரும். 15 வருடத் தவணை. மீதி இருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு பேசினார்கள். 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் அதே ஸ்ரீமாவோவும் ஆளுக்கு 75,000 என்று முடித்துக்கொண்டார்கள். என்ன அளவுகோல் என்று கேட்காதீர்கள். 1,50,000ஐ இரண்டால் வகுத்தால் 75,000 வருகிறது. அதுதான் அளவுகோல்.

பங்கு போடப்பட்டவர்கள் யார்? நம் ஆட்கள்தான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் சீமைகளில் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் நடுவே நசுங்கி, இந்தக் கரையோரம் வந்து தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்களின் பிள்ளைகள், பேரர்கள். பாதையோரம் செத்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள் முதலில் காப்பி போட்டார்கள், காப்பி நோயில் போனதும் தேயிலை போட்டார்கள். மலையைத் திருத்தப் போனபோது அவர்களிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. 1948இல் கேட்டார்கள். சுதந்திரம் வந்து ஒரு வருடம் முடிவதற்குள் டி. எஸ். சேனநாயக்க அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், உன் அப்பன் இங்கே பிறந்தான் என்பதற்குக் காகிதம் காட்டு என்றது. தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? துரைமார் பெரட்டுக் களத்தில் வைத்திருந்தது பேர்ப் பதிவுதான். அது கூலி கொடுக்க; குடியுரிமை கொடுக்க அல்ல.

இந்தக் கதையை எங்கள் ஊர் டீக்கடையில் எப்போது எடுத்தாலும் ஒரே தீர்ப்புதான் வரும். "நம்ம ஆளுக ஒத்துமையா இல்லாமப் போனாங்க தம்பி, அதான்" என்பார் ஒரு பெரியவர். "ஆமா காக்கா, தலைவனுகளே வித்துட்டானுக" என்று பக்கத்து பெஞ்சு ஆமோதிக்கும். தேயிலையைக் குடித்துக்கொண்டே தேயிலை பறித்தவர்களுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிடும். எத்தனை சௌகரியமான தீர்ப்பு பாருங்கள்! கொழும்பு தப்பித்தது, டெல்லி தப்பித்தது. மாட்டிக்கொண்டது வீடு இழந்தவன் மட்டும்.

இந்தத் தீர்ப்பு நமக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவிலும் இதையே சொல்லித்தான் செரோக்கி மக்களின் கதையை மூடப் பார்த்தார்கள். ஜார்ஜியாப் பக்கம் அவர்களுக்கு ஊர்கள் இருந்தன, தங்கள் மொழிக்கென்று ஒருவர் உருவாக்கிய எழுத்து இருந்தது, 1827இல் எழுதிய அரசியல் சாசனம் இருந்தது, 1828 முதல் செய்தித்தாள் இருந்தது. நாகரிகம் வந்தால் விட்டுவிடுவோம் என்று வெள்ளைக்காரன் சொன்னதை நம்பி எல்லாவற்றையும் செய்து காட்டியவர்கள். அப்புறம் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. நாகரிகப் பேச்சு அதோடு முடிந்தது. 1832இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் அந்தத் தீர்ப்பைச் சட்டை செய்யவில்லை.

அப்போதுதான் பிளவு வந்தது. தலைவர் ஜான் ராஸ், போகமாட்டோம் என்றார். மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், பத்திரிகை ஆசிரியராக இருந்த எலியாஸ் பூடினாட் ஆகியோர், எப்படியும் விரட்டத்தான் போகிறார்கள், கிடைக்கிற விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றார்கள். 1835 டிசம்பர் 29இல் நியூ எக்கோட்டாவில் கூடி, இருபது பேர் அளவில் கையெழுத்துப் போட்டு, ஒரு முழு நாட்டை 50 லட்சம் டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். நிலத்தை விற்பவனுக்கு மரண தண்டனை என்ற சட்டத்துக்கு முன்னால் நின்று குரல் கொடுத்தவர் இந்த மேஜர் ரிட்ஜ். கையெழுத்துப் போடும்போது அவருக்கும் அது தெரியும். 1839 ஜூன் 22ஆம் தேதி ஒரே நாளில் மூன்று பேரையும் கொன்றார்கள்.

ஒற்றுமை இல்லை, அதனால் அழிந்தார்கள் என்கிறவர்கள் நடுவில் நடந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று ராஸ் கொண்டுபோன மனுவில் 15,000க்கு மேல் பெயர்கள் இருந்தன. மொத்த மக்களே 16,000, 17,000தான். இதைவிட ஒற்றுமை வேண்டுமென்றால் செத்தவனையும் எழுப்பித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். செனட் சபை இருபது பேர் கையெழுத்தை ஒரே ஒரு ஓட்டில் எடுத்துக்கொண்டது, 15,000 பேரைத் தள்ளிவிட்டது. 1838இல் படை வந்து துப்பாக்கி முனையில் வீடு வீடாக ஆட்களை இழுத்து முகாமில் அடைத்து மேற்கே நடத்தியது. நாலாயிரம் பேர் வரை செத்தார்கள். ராஸின் மனைவியும் அந்த வழியில்தான் போனார்.

விரட்டுகிறவனுக்கு உன் பெரும்பான்மை தேவையே இல்லை. ஒரு கையெழுத்து போதும். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. இதில் டெல்லியும் கொழும்பும் வாஷிங்டனையே தோற்கடித்துவிட்டன. ஜாக்சனின் ஆட்கள் பாவம், இருபது செரோக்கிகளையாவது தேடிப் பிடித்தார்கள். ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெருவிரல் ரேகைகூட இல்லை. துரோகியின் செலவைக்கூட மிச்சம் பிடித்த ஒப்பந்தம் அது.

அதற்காக நம் தலைவர்களுக்கு மாலை போடச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஜி. ஜி. பொன்னம்பலம். 1948 ஆகஸ்டில் முதல் குடியுரிமை மசோதாவை எதிர்த்து நின்றவர். செப்டம்பரில் அமைச்சர். டிசம்பரில், இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் குடியுரிமை 'வழங்குவதற்காக' வந்த அடுத்த மசோதாவுக்கு ஆதரவு ஓட்டு. நாலே மாதத்தில் ஒரு வழக்கறிஞரின் வாதம் தலைகீழாகத் திரும்பியது. அவருக்குக் கிடைத்த இலாகா கைத்தொழிலும் மீன்பிடியும். காங்கேசன்துறைக்குச் சிமெந்து ஆலை வந்தது, வாழைச்சேனைக்குக் காகித ஆலை வந்தது. அந்தக் காகிதத்தில் ஒரு தாளாவது தோட்டத்துக்காரனின் பிரஜாவுரிமைக்குப் பயன்பட்டதா? அந்தச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

பொன்னம்பலத்தை விட்டு எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்தார். இன்று மலையகத்தான், நாளை நாம் என்று எச்சரித்தவர். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். அவர் கண்டது நடந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் மலையகத்துப் பிள்ளை சரிசமமாகப் பாயில் உட்கார்ந்தது என்று கேட்டால் பல ஜனநாயகவாதிகளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 'கள்ளத்தோணி' என்று சிங்களவன் மட்டுமா சொன்னான்?

அடுத்தது சௌமியமூர்த்தி தொண்டமான். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து முனப்புதூரில் 1913இல் பிறந்தவர், நம் சீமைக்காரர். அப்பா கூலியாய்ப் போய், கங்காணியாய் உயர்ந்து, வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். ஆக, தொழிலாளர் தலைவர் ஒரு தோட்ட முதலாளி. செரோக்கிகளின் ஜான் ராஸும் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தியவர்தான். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எதிரே நின்றவர் அப்துல் அஸீஸ். போர்பந்தரில் பிறந்தவர், இடதுசாரி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. இருவரும் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். வாக்குரிமை பறிபோனதும் 1952 தேர்தலில் அந்த ஏழு பூஜ்யமானது. சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதுவும் கரைந்தது. ஓட்டு இல்லாமல் போன பிறகு என்ன செய்யலாம்? சண்டை போடலாம். ஐம்பதுகளின் நடுவில் அஸீஸ் பிரிந்துபோய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் கண்டார். அதன்பின் ஒரே தோட்டத்தில் இரண்டு சங்கம், இரண்டு தோட்டத் தலைவர், இரண்டு சந்தா. பிரஜாவுரிமை இல்லாதவனிடம் சந்தா மட்டும் எப்படியோ இருந்தது.

இந்த இடத்தில் ஸ்ரீமாவோவின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1960இல் தொண்டமானுக்கு நியமன எம்.பி. பதவி கொடுத்தார். 1970இல் அஸீஸுக்குக் கொடுத்தார். இடையில் 1965இல் டட்லி சேனநாயக்க தன் பங்குக்குத் தொண்டமானை நியமித்தார். பத்து லட்சம் பேருக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் பேரில் ஒரு நாற்காலி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. பிளவுதான் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது என்பது பொய். ஒப்பந்தம் டெல்லியில் முடிவானது. பிளவுக்கு எரிபொருள் ஊற்றியதெல்லாம் கொழும்பில்.

டெல்லி ஏன் சம்மதித்தது? நேரு இருந்தவரைக்கும், அவர்கள் உங்கள் மக்கள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இலங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1964 மே 27இல் அவர் போனார். ஐந்தே மாதத்தில் கொள்கையும் போனது. சீனாவிடம் அடி வாங்கிய வலி ஆறவில்லை, பக்கத்து வீட்டு உறவு அவசரமாகத் தேவைப்பட்டது. நல்லுறவுக்குச் சீதனமாக 5,25,000 பேர்!

கடல் இதை ஏற்கவில்லையோ என்னவோ, ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்து தனுஷ்கோடியைத் துறையோடும் ரயிலோடும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. ஒரு கவிஞன் இதில் ஏதாவது பொருள் கண்டிருப்பான். அரசாங்கம் கப்பல் துறையை ராமேஸ்வரத்துக்கு மாற்றியது.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான கொடுமை. அதைச் செய்தது துப்பாக்கி அல்ல, சட்டத்தின் ஒரு வரி. டட்லி ஆட்சியில், தொண்டமான் கூட்டில் இருந்தபோது, 1967இல் வந்த அமலாக்கச் சட்டத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. ஏழு பேருக்கு இந்தியா குடியுரிமை பதிவு செய்தால் போதும், இலங்கை நாலு பேருக்குக் கொடுக்கலாம். ஸ்ரீமாவோ திரும்பி வந்ததும் 1971இல் அதைத் திருத்தினார். பதிவு போதாது, ஏழு பேர் கப்பல் ஏறியாக வேண்டும். ஏறினால்தான் நாலு பேருக்கு. இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். பக்கத்து லயத்துக்காரன் தலைமுறை தலைமுறையாய் உன்னோடு கொழுந்து நிறுத்தவன். அவன் கிளம்பினால்தான் உனக்குக் காகிதம். அவன் தாய் சாகக் கிடக்கிறாள் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டால் உன் காகிதமும் தள்ளிப்போகும். அழுதுகொண்டே அவன் பெட்டியைத் தூக்கிவிட வேண்டும், மனசுக்குள் போய்த் தொலையேன் என்றும் நினைக்க வேண்டும். ஒரு சமூகத்தை இதைவிடச் சுத்தமாகப் பிளக்க எந்தத் தலைவனாலும் முடியாது. தொழிற்சங்கத் தலைவர்கள் இரண்டு சங்கமாகப் பிரித்தார்கள். சட்டம் ஒரே அடுப்பை இரண்டாகப் பிரித்தது. அப்பன் இந்தியன், மகன் இலங்கையன். அக்காவுக்குப் பாஸ்போர்ட், தங்கைக்கு விண்ணப்பம் நிலுவை.

இத்தனைக்கும் இலங்கைதான் வேண்டும் என்று கேட்டவர்கள் ஒதுக்கிய 3,00,000ஐவிட எத்தனையோ அதிகம். அப்படியிருந்தும் கப்பல் நிரம்பியதற்குப் பசி காரணம். எழுபதுகளின் முதல் பாதியில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் ஆட்கள் செத்தார்கள். அதன்பின் 1977, 1981, 1983 என்று கலவரம் கலவரமாக வந்தது. இதைத்தான் ஆவணங்களில் விருப்பப்படி நாடு திரும்பல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து தலைமன்னார் துறைக்கு ஆள் ஏற்றிவந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம், ஜன்னலில் ஒரு கூட்டம், நடுவே இழவு வீட்டுச் சத்தம். அரசாங்கத்துக்கு அது கேட்டிருக்காது. அரசாங்கம் முன்னதாகவே தலை எண்ணும் வேலையில் இருந்தது.

இக்கரையில் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோனுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி, நோய் நொடி பார்த்து அனுப்பிய அதே இடம். போகும்போதும் அங்கே வரிசை, வரும்போதும் அங்கே வரிசை. வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டினோம். கொழுந்து பறிக்க மட்டும் தெரிந்தவன் கையில் வியாபாரக் கடன் கொடுத்து, போய்க் கடை வை என்றோம். அந்தப் பணம் தரகர் பைக்குப் போனது, அவன் நீலகிரிக் குளிருக்கும் கொடைக்கானல் காட்டுக்கும் போனான். 1969இல் அவர்கள் பேரில் ஆரம்பித்த ரெப்கோ வங்கி இன்று ஊரெல்லாம் கிளை விரித்து நகைக் கடன் கொடுக்கிறது. அவர்களுக்காக அரசு வைத்த டான்டீ தேயிலைத் தோட்டங்களில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசாணை போட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் லயத்தைக் காலி செய் என்கிற பேச்சும் வந்தது. காலி செய்து எங்கே போவது? தாயகத்துக்கா?

தொண்டமானைப் பற்றி ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். 1978இல் ஜே. ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1983 ஜூலையில் கடைகள் எரிந்தபோதும் அமைச்சர்தான். அந்த நாற்காலியில் இருந்துகொண்டே 1986இல் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தி, நாடற்றவர்கள் என்ற பட்டத்தை நீக்கும் 1988 சட்டத்தையும் வாங்கினார். ரிட்ஜும் இல்லை, ராஸும் இல்லை. இரண்டு பேர் வேலையையும் ஒரே ஆள் பார்த்தார். 1999இல் அவர் காலமான நாளும் அக்டோபர் 30தான்.

எங்கள் கரைக்கும் இந்தக் கையெழுத்து வியாதி எட்டாமல் இல்லை. அதே 1974இல், அதே இரண்டு அம்மையார்களும் ஜூன் மாதம் மறுபடி பேனா எடுத்தார்கள். 285 ஏக்கர் கச்சத்தீவு அக்கரைக்குப் போனது. 1976இல் எல்லைக்கோட்டைத் தாண்டி மீன் பிடிக்கும் உரிமையும் போனது. வலை காயப்போட்ட ஒருவனையும் யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிற பெரிய விவாதம், கொடுத்தது யார், கொடுக்கும்போது சும்மா இருந்தது யார் என்பது. சட்டசபையில் 1991இல் ஒரு தீர்மானம், 2025இல் ஒரு தீர்மானம், நடுவே இரண்டு கழகங்களின் தலைவர்களும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். மீட்க வேண்டுமென்றால் போர்தான் செய்ய வேண்டும் என்று 2014இல் மத்திய அரசின் வழக்கறிஞர் சொல்லிவிட்டார். 2024 தேர்தலுக்குக் கச்சத்தீவு மறுபடி பிரதமருக்கு ஞாபகம் வந்தது, ஓட்டு எண்ணியதும் மறந்தது. கீழே நாட்டுப்படகுக்காரனும் விசைப்படகுக்காரனும் அடித்துக்கொள்கிறோம், அக்கரைத் தமிழன் தன் வலையை அறுத்துவிட்டான் என்று நம் இழுவைமடியைச் சபிக்கிறான். இதற்கும் டீக்கடையில் தீர்ப்பு தயார்: ஒத்துமை இல்ல தம்பி.

1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. ஒப்புக்கொண்ட 6,00,000 பேரை இந்தியா எடுத்து முடிக்கவில்லை. அடி வாங்கி வன்னிக்கு இறங்கியிருந்த மலையகத்தார், அங்கேயும் குண்டு விழுந்ததும், தோணியில் இந்தக் கரைக்கு வந்தார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் கப்பலில் வந்தான், தாயகம் திரும்பியவன், வாக்காளர் அட்டை உண்டு. தம்பி தோணியில் வந்தான், சட்டப்படி அத்துமீறிக் குடியேறியவன். இவர்களில் சிலர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இவர்கள் அந்த ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட மக்கள், விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. அதே வருடம் டிசம்பரில் மத்திய அரசு புதிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் வரை போனது அதன் கருணை. முப்பது கிலோமீட்டர் கடல் தாண்ட மட்டும் அதற்கு நீச்சல் தெரியவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு தன்னால் முடிந்ததைச் செய்தது. அகதிகள் முகாம் என்ற பலகையை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று எழுதியது.

மண்டபத்திலும் திருச்சி கொட்டப்பட்டிலும் மற்ற முகாம்களிலும் கணக்கெடுப்பு நாளில் ஆஜராகிக் கையெழுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த 6,00,000இல் அடக்கம் என்று டெல்லியில் எந்த அதிகாரியாவது ஒரு தாளில் கழித்துப் பார்த்ததுண்டா? பிரதமர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆட்கள் இவர்கள். இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று இன்னும் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். ரசீது வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.